சுருண்ட பூசணிக்கொடி

அத்தியாயம் ஐந்து

"அந்த டின் என்ன நிறம்?" என்று ஹியூபர்ட் கேட்டார்.

"ரகசியம்" என்றார் கேப்டன் விட்லி.

"எவ்வளவு பெரியது?"

"ரகசியம்."

"சரி, உள்ளே என்ன இருந்தது?"

"எந்த டின்?" என்றார் கேப்டன்.

ஜக்கரியா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். ராணுவத்துக்காரர் முன்னால் சிரிப்பது மலாயாவின் அவசரகாலச் சட்டத்தில் எந்தப் பிரிவில் வரும் என்று அவனுக்குத் தெரியாது.

அவர்கள் நின்றிருந்தது நாவல்மரத் தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்து ஸ்டோர் தாழ்வாரத்தில். வெள்ளைக்காரக் கம்பெனி அந்தத் தோட்டத்துக்கு வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கேட்டால் கோலசிலாங்கூரில் யாரும் வழி காட்டமாட்டார்கள். கேப்டன் ஒரு காலைத் தரையிலும் மற்றொரு காலைக் கவிழ்த்துப் போட்ட காலி டின்மேலும் வைத்து, ஏதோ கோட்டையைப் பிடித்தவர் மாதிரி நின்றார். எதிரே ஹியூபர்ட், அந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டில், வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார்.

கோட்டுக்குக் காரணம் புத்தகங்கள். சென்னையிலிருந்து கப்பலில் வரும் மொழிபெயர்ப்பு நாவல்களை ஹியூபர்ட் ஒன்றுவிடாமல் படிப்பார். அவற்றில் வரும் துப்பறிவாளர்கள் எல்லோரும் கோட்டுப் போட்டிருப்பார்கள். இதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது ஆபீஸ் மேசைக்கடியில் படித்து மாட்டிக்கொண்டார், வேலை போயிற்று. இப்போது கோலசிலாங்கூர்க் கடைத்தெருவில், மீரா சாகிபு ஓட்டலின் மேல்மாடியில், துப்பறியும் நிலையம் நடத்துகிறார். வாடகை, கல்லாவில் கூட்டமில்லாத நேரத்தில் மீரா சாகிபுவுக்குக் கதை சொல்வது. பிரான்ஸ் தேசத்துச் சிறையிலிருந்து ஒருவன் சுரங்கம் தோண்டித் தப்பிய கதை கேட்டு, மீரா சாகிபு தேநீர் ஆற்றுவதை மறந்து அழுதிருக்கிறார். அவருடைய தங்கை மகன்தான் ஜக்கரியா. காலையில் ஓட்டலில் ரொட்டி வீசுவான்; மத்தியானத்துக்குமேல் ஹியூபர்ட்டுக்கு உதவியாளன். அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள்தான் நிலையத்தின் ஒரே வாகனம்.

"டின்னை நீங்களே இங்கே கொண்டுவந்தீர்கள், இல்லையா?" ஹியூபர்ட் விடவில்லை.

"மூன்று வாரத்துக்கு முன் என் கையால் கொண்டுவந்தேன். என் கையால் வைத்தேன். யார் கண்ணிலும் படாத இடத்தில். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் காணோம். ஸ்டோர் காவல்காரன் வீரன் விற்றுவிட்டான். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகள் வாங்கிவிட்டார்கள். அது எங்கள் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது, மிஸ்டர் ஹியூபர்ட். அது எதிரியிடம் போனால் இந்த நாட்டு ரப்பர் மரமெல்லாம் பட்டுப்போகும்!"

"ஓ, மரத்தைக் கொல்லும் மருந்தா?"

கேப்டன் திடுக்கிட்டார். "நான் அப்படிச் சொல்லவே இல்லை. காவலில் இருக்கும் வீரனை வெள்ளிக்கிழமைக் கப்பலில் இந்தியாவுக்கு நாடுகடத்துகிறோம். நீங்கள் கிளம்பலாம்."

வெளியே வெயிலுக்கு வந்ததும் ஜக்கரியா மூச்சு விட்டான். "அண்ணே, 'டின்னு', 'சீக்ரெட்'டுக்கு மேல எனக்கு ஒண்ணும் புரியல. அவரு என்ன சொன்னாரு?"

ஹியூபர்ட் தமிழில் சொன்னார்.

"அப்ப நாம தேடுறது நிறமில்லாத, அளவில்லாத, உள்ள ஒண்ணுமில்லாத ஒரு டின்னு. லேசான வேலைதான் லா. கிடைக்காமப் போனாலும் கிடைச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"வீரன் அதைப் பார்த்திருந்தால் நிறம் தெரிந்திருக்கும்."

"காவலுக்கு இருந்தவரு பாக்கலையா?"

"பார்க்கக்கூடாது என்று கேப்டன் உத்தரவாம், வீரனின் மனைவி சொன்னாள். டின்னைச் சாக்கில் மூடிக் கொண்டுவந்து, 'திரும்பி நில்' என்று சொல்லியிருக்கிறார். வீரன் திரும்பி நின்றார். 'இனித் திரும்பலாம்' என்று சொல்ல கேப்டன் மறந்துவிட்டார். காலைவரை வீரன் சுவரைப் பார்த்தபடியே காவல் காத்திருக்கிறார்."

ஜக்கரியாவுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. வீரனை அவனுக்குத் தெரியும். ஓட்டலுக்கு வந்தால், உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். எழுந்திருக்கச் சொல்லும்வரை எழமாட்டார். பிறந்தது இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். கப்பல் போய்ச் சேரும் நாகப்பட்டினத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அங்கே இறக்கிவிட்டால் எந்தத் திசையில் நடப்பார்?

முள்கம்பி வாசலில் மலாய்க் காவலர் ஜக்கரியாவின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே கொண்டுவந்த சோறு ஒரு பருக்கை கூட வெளியே போகக்கூடாது என்று நினைவூட்டினார். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமாம்.

"சாப்புட்டு வயித்துல கொண்டுபோகலாமா, அபாங்?"

"அதுக்கு இன்னும் சட்டம் வரலை" என்றார் காவலர் மலாயில்.

ஹியூபர்ட் வாசலுக்கு வெளியே சாலையைப் பார்த்து நின்றார். "இது லண்டனாக இருந்தால், தம்பி, இந்நேரம் மூடுபனி இறங்கியிருக்கும். எரிவாயு விளக்கின் அடியில் ஒரு தடயம் பளபளக்கும்."

"இது கோலசிலாங்கூர். கொசுதான் இறங்கும்."

சாலையின் இரு புறமும் புதர் காய்ந்து கிடந்தது. காட்டுக்காரர்கள் மறைந்திருந்து லோரிகளைச் சுடாமலிருக்க ராணுவம் ஏதோ அடித்து அழிக்கிற இடம் அது. புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, பச்சையாகச் சிரித்தது. இலை அகன்ற செடிகொடிகள் மட்டும் தண்டு முறுக்கி, நுனி வளைந்து, வளையம் வளையமாகச் சுருண்டிருந்தன.

"பள்ளிக்கூடத்து மாடில்டா டீச்சர் போன மாசம் கோலாலம்பூர் போய் முடிய சுருட்டிக்கிட்டு வந்தாங்களே, அதேதான்" என்றான் ஜக்கரியா. "ஒரு செடிக்கு எவ்வளவு சார்ஜ் பண்ணியிருப்பாங்க?"

"அம்மாதிரி ஆங்கிலப் பெண்களைப் பற்றி இப்படிப் பேசாதே."

"அவங்க இங்க செரண்டாவுல பொறந்தவங்க, அண்ணே."

லயத்துப் பக்கமிருந்து புஷ்பவள்ளி ஓட்டமும் நடையுமாக வந்தாள். வீரனின் மனைவி. ஹியூபர்ட்டை வரவழைத்ததே அவள்தான்.

"கிராணி ஐயா, என்ன சொன்னாரு அந்தத் தொர? எங்க வீட்டுக்காரரு என்னிக்கு வருவாரு?"

ஹியூபர்ட் கோட்டின் பொத்தான் ஒன்றைத் திருகினார். பொய் சொல்ல வேண்டிய சமயங்களில் அவருக்கு இங்கிலீஷும் வராது, தமிழும் வராது.

புஷ்பவள்ளிக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எல்லாம் என் நேரம். அவரு போனதிலேருந்து வீட்ல ஒண்ணும் விளங்கல. அவரு கையால நட்ட பூசணி, பூவும் பிஞ்சுமா கெடந்துச்சு. அதுகூட ஏக்கத்துல முறுக்கிக்கிட்டுக் கெடக்கு."

"முறுக்கிக்கொண்டா?" ஹியூபர்ட் பொத்தானை விட்டார்.

"ஆமாங்க ஐயா. ஆளக் காணோம்னு கொடிக்குக்கூடத் தெரியுது."

ஹியூபர்ட் ஓட ஆரம்பித்துவிட்டார். கோட்டு பின்னால் பறந்தது. லயத்து நாய்கள் இரண்டு குரைத்தன. அப்படியொரு ஆடையை அவை தோட்டத்தில் பார்த்ததில்லை.

வீட்டின் பின்புறம், குழாயடித் தண்ணீர் ஓடி வரும் சின்னக் கால்வாய் ஓரத்தில் பூசணிக்கொடி கிடந்தது. தண்டு முறுக்கியிருந்தது. இளம் இலைகள் விரல் மடக்கிய மாதிரி சுருண்டிருந்தன. பக்கத்திலே புல் மட்டும் பச்சையாக நின்றது.

"மாடில்டா டீச்..." என்று ஆரம்பித்த ஜக்கரியா வாயை மூடிக்கொண்டான். ஒரே நகைச்சுவையை ஒரே நாளில் இரண்டு தடவை சொல்வது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். பிறகுதான், தான் ஏன் அதை மறுபடி சொல்லப் போனோம் என்பது உறைத்தது.

"அண்ணே! ரோட்டுல அடிச்ச அதே சாமான்!"

"ரகசியம், தம்பி. சாலை நெடுக வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரியும்படி அடித்து வைத்திருக்கிற ரகசியம்." ஹியூபர்ட்டின் கண்கள் பளபளத்தன. "வீரன் வீட்டில் போலீஸ் சோதனை போட்ட அன்று இந்தத் தடயம் இங்கே கிடையாது. பிறகு முளைத்திருக்கிறது. எந்த நாவலிலும் நான் இப்படிப் படித்ததில்லை! வா, தண்ணீர் வரும் பக்கமாக மேலே போவோம்."

கால்வாய் ஓரமாகவே நடந்தார்கள். வழியில் ஒரு கீரைப்பாத்தி சுருண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு மிளகாய்ச்செடி. கால்வாய் தொடங்கும் இடத்தில் குழாய். குழாயடிக்கு நேரெதிர் வீடு, பால் வெட்டுகிறவர்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமியுடையது. வீட்டு வாசலில் அவரே நின்றிருந்தார், இடது கையைச் சற்றுத் தூக்கினாற்போல் வைத்துக்கொண்டு.

"மணி என்ன ஆச்சு, மண்டோரே?" என்றான் ஜக்கரியா, அந்தக் கையில் புதிதாக மின்னியதைப் பார்த்து.

நல்லசாமி அதற்காகவே காத்திருந்தவர்போல் மகிழ்ந்தார். "நாலடிக்கப் போகுது. இது தோட்டத்துத் தொர குடுத்த கடிகாரம் தம்பி. என் நிரையில பால் கொட்டுதுல்ல, அதுக்கு. இந்தத் தோட்டத்துல எந்த மண்டோருக்கும் இது கெடைச்சதில்ல."

அந்த வழியாக ரப்பர் பால் வாளிகளுடன் வந்த தாயம்மா நின்றாள். அவர் நிரையில், அதாவது அவர் பொறுப்பிலுள்ள மர வரிசையில், பால் வெட்டுகிறவள். "கொட்டுது! தூக்குறது யாரு? பால் வடியுற மங்கு நெறஞ்சு வேருல வழியுது. மரம் அப்படி அழுவுது. எனக்குத் தோள்பட்டை போச்சு, இவருக்குக் கடிகாரம் வந்துச்சு. எந்த ஊரு ஞாயம் இது, பாய்?"

"முனியாண்டிக்குச் சேவல் நேந்துக்கிட்டேன், அதான்" என்றார் நல்லசாமி.

"முனியாண்டி இப்ப மட்டும் ஏன் முழிச்சாரு?" என்றான் ஜக்கரியா.

ஹியூபர்ட் குழாயடியில் கிடந்த பழைய தூரிகை ஒன்றை எடுத்து முகர்ந்தார். "மண்டோர், மழைக்காலத்தில் பட்டை அழுகாமலிருக்க மருந்து பூசுவீர்களே, இந்தத் தடவையும் பூசினீர்களா?"

"எப்பவும் பூசுறதுதானுங்களே. நீங்க கிராணியா இருந்தப்பவும் பூசினேன். பச்சை டின்னு."

"இந்தத் தடவை மருந்து எப்படி இருந்தது?"

"கொஞ்சம் கெட்டிங்க. நாத்தமும் சாஸ்தி. வழக்கம்போலச் செம்பனை எண்ணெயக் கலந்து, வெட்டுக்குக் கீழ இழுத்துவிட்டேன். தூரிகைய இங்கதான் கழுவினேன்."

ஹியூபர்ட் கண்களை மூடிக்கொண்டார். தோட்டத்து ஸ்டோரில் எழுத்துக்கு மதிப்பில்லை. தமிழர், மலாய்க்காரர், சீனக் குத்தகைக்காரர் என்று ஆளுக்கொரு மொழி; பாதிப்பேருக்கு எந்த மொழியும் படிக்க வராது. அதனால் டின்னுக்கு வர்ணம் அடித்து வைப்பது வழக்கம். பால் உறைய வைக்கும் ஆசிட்டுக்குச் சிவப்பு. மண்ணெண்ணெய்க்கு நீலம். பட்டை மருந்துக்குப் பச்சை. விடிந்தும் விடியாத நேரத்தில் மண்டோர் வருவார். பச்சை வரிசையில் கைக்கு எட்டியதை எடுத்துப் போவார். யாரும் யாரையும் கேட்பதில்லை. சுவரைப் பார்த்து நிற்கும் காவல்காரரும் கேட்கமாட்டார்.

"ராணுவத்துக்காரர்கள் எல்லாவற்றுக்கும் என்ன வர்ணம் அடிப்பார்கள், தம்பி?"

"லோரிக்குப் பச்சை. தொப்பிக்குப் பச்சை. அவங்க கக்கூஸ் கதவுக்கும் பச்சை." ஜக்கரியா நெற்றியில் அடித்துக்கொண்டான். "யா அல்லா! டின்னுக்கும் பச்சை!"

நல்லசாமியின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. கடிகாரம் சட்டைக்குள் மறைந்தது. "ஐயா... அந்தக் காணாமப்போன டின்னா? நான் களவாடல. என் பிள்ளைங்க மேல சத்தியம். என்னையக் கப்பல்ல ஏத்திருவாங்களா?"

பின்னாலேயே வந்திருந்த புஷ்பவள்ளி முன்னால் வந்தாள்.

"அண்ணே, இப்ப காவல்ல உக்காந்திருக்கிறது எம் புருசன்."

நல்லசாமி அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றி ஹியூபர்ட்டிடம் நீட்டினார். "வாங்க, நானே வந்து சொல்றேன்."

"கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒருவரை இறக்கி இன்னொருவரை ஏற்றுவதற்கு நான் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள், காலி டின் எங்கே?"

"தோட்டத்துல டின்னத் தூக்கிப் போடுவாங்களா? ஸ்டோருக்குத் திருப்பியாச்சு. தாழ்வாரத்துல கவுத்துப் போட்டா உக்கார ஆகும், கால் வைக்க ஆகும்..."

ஜக்கரியாவின் மனக்கண்ணில் பளபளவென்று ஒரு பூட்ஸ் வந்து நின்றது.

தாழ்வாரத்தில் இப்போது கேப்டனோடு தோட்டத்துத் துரையும் இருந்தார். தன் தோட்டத்துப் பால் அளவைப் பற்றி அவர் பெருமை பேசிக்கொண்டிருக்க, கேப்டன் கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தார். பூட்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.

"டின் கிடைத்துவிட்டது, கேப்டன்" என்றார் ஹியூபர்ட்.

"எங்கே? காட்டிலா? யாரிடம்?"

"உங்களிடம். தயவுசெய்து காலை எடுங்கள்."

கேப்டன் காலை எடுத்தார். பச்சை டின்னின் அடிப்பாகத்தில், பூட்ஸ் மண்ணுக்கு அடியில், ராணுவச் சாமான்களுக்கு மட்டுமே குத்துகிற அம்பு முத்திரை இருந்தது. இத்தனை நாளாக அதை மிதித்துக்கொண்டுதான் அவர் டின்னைப் பற்றி விசாரணை நடத்தியிருக்கிறார். அவருடைய காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து.

"யார் கண்ணிலும் படாத இடம் என்றீர்களே, அது எந்த இடம்?" என்றார் ஹியூபர்ட், மிக மரியாதையாக.

"பச்சை டின்களுக்கு நடுவில்" என்றார் கேப்டன் ஈனக்குரலில். "பச்சைக்குள் பச்சை. மறைந்துவிடும். ராணுவப் பயிற்சி."

"நன்றாகவே மறைந்திருக்கிறது. தோட்டம் அதைப் பட்டை மருந்து என்று நினைத்து மரங்களுக்குப் பூசிவிட்டது."

"பூசியது யார்? எந்தப் பாவி?"

"அது ரகசியம்" என்றார் ஹியூபர்ட்.

"மரங்களெல்லாம் செத்திருக்குமே!"

"சாகவில்லை. எண்ணெயில் கரைத்துக் கொஞ்சமாகப் பூசியதில் மும்முரமாகப் பால் கொட்டுகிறது."

துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என்னது? அதுவா? விட்லி, எனக்கு இன்னும் பத்து டின் வேண்டும்!"

"முடியாது! அது ராணுவ ரகசியம்!"

"என்ன ரகசியம்? களைக்கொல்லிதானே? புல்லை விட்டுவிட்டு மற்றதைச் சுருட்டுகிற சாமான்! எங்கள் ஊரில் புல்தரைக்கு அடிக்க விதைக்கடையில் விற்கிறார்கள். என் அக்காள் வாங்கி அடித்து, பக்கத்து வீட்டு ரோஜாவைக் கொன்றுவிட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறாள். அமெரிக்காவிலும் கிடைக்கிறது. காசு கொடுத்தால் உன் எதிரியும் தபாலில் வாங்கிக்கொள்ளலாம்."

ஹியூபர்ட் மொழிபெயர்க்கக் கேட்ட ஜக்கரியா, "அப்ப அது ரகசியமா இருந்தது இந்த வராந்தாவுல மட்டும்தானா?" என்றான்.

அதை ஹியூபர்ட் திருப்பி மொழிபெயர்க்கவில்லை.

கேப்டன் கவிழ்ந்த டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் வடிந்ததும் அவர் முகத்தில் இருபத்தைந்து வயதுதான் தெரிந்தது. "வீரனை விடுவிக்க வேண்டுமென்றால் நான் மேலிடத்துக்கு விளக்கம் சொல்லவேண்டும். டின்னில் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. கப்பலோ வெள்ளிக்கிழமை. நான் என்ன செய்வது?"

வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு புஷ்பவள்ளி நின்றிருந்தாள். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் கேப்டனின் தோள்கள் தொங்கியதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹியூபர்ட் தம் வாழ்நாள் முழுக்கப் படித்த அத்தனை கடைசி அத்தியாயங்களையும் நெஞ்சில் நிறுத்திக்கொண்டு கோட்டை இழுத்துவிட்டார்.

"கேப்டன், சற்று முன் 'எந்த டின்?' என்று கேட்டீர்கள்."

"கேட்டேன்."

"மேலிடத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு டின் இல்லை."

"இல்லை."

"இல்லாத டின் காணாமல் போகுமா?"

கேப்டன் யோசித்தார். "போகாது."

"காணாமல் போகாத டின்னை ஒருவர் திருடியிருக்க முடியுமா?"

கேப்டன் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார். அவருடைய பயிற்சியில் அந்த ஓட்டம் மட்டும் உருப்படியாக இருந்தது.

வீரன் கோலா குபு பாரு போலீஸ் காவலில் இருந்தார். மறுநாள் மத்தியானம் அந்த ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு லயத்து முன்னால் வந்து நின்றது. லயமே கூடியிருந்தது. நல்லசாமியின் மணிக்கட்டு சட்டைக் கைக்குள் ஒளிந்திருந்தது. ஜக்கரியா ஒரு தூக்குச்சட்டி நிறையப் பிரியாணியோடு நின்றான். வெளியே போகக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் உள்ளேயே முடித்தாக வேண்டும் என்று மீரா சாகிபு உத்தரவு.

வீரன் இறங்கினார். இளைத்திருந்தார். ஜீப்பின் பின்பக்கத்தில், சாக்கு மூடிய ஏதோ ஒன்று, டின் உயரத்தில், துரையின் பங்களாவுக்குப் போகக் காத்திருந்தது. காற்றில் சாக்கு லேசாக விலகியது.

அதைக் கண்டதும் வீரன் சட்டென்று விறைத்தார். யாரும் சொல்லாமலே அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

திரும்பிய பக்கத்தில் சுவர் இல்லை. புஷ்பவள்ளி நின்றிருந்தாள்.

"திரும்பலாம், மிஸ்டர் வீரன், திரும்பலாம்" என்று கேப்டன் பின்னாலிருந்து கத்தினார், தெரிந்த நாலு வார்த்தைத் தமிழில்.

"நீங்க திரும்பாதீங்க" என்றாள் புஷ்பவள்ளி. "இப்படியே நில்லுங்க."

வீரன் அப்படியே நின்றார்.